சித்தியின் கேக் டின்னும் ஆப்ப சோடாவும்

நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் நவம்பர் பாதி தாண்டினாலே கேக் வேலை தொடங்கிவிடும். முந்திரி, உலர்திராட்சை, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் வாங்கி வைத்து, கேக் சுடும் மின்னடுப்பான ஓடிஜியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சித்தி போன் செய்தார். “அந்த ரெண்டு அலுமினிய டின்னையும் கொண்டு வந்து குடு மக்களே. இந்த வருசம் நானும் கேக் போடப் போறேன்.”

இரண்டு வருடத்துக்கு முன் நான் கேக் பழக ஆரம்பித்தபோது அவர் கொடுத்த டின்கள் அவை. எட்டு அங்குல வட்ட டின், நல்ல கனமான அலுமினியம். அவர் இருபது வருடத்துக்கு மேல் புழங்கியும் என் கைக்கு வந்தபோது சுத்தமாகத்தான் இருந்தன. இப்போது எடுத்துப் பார்த்தால் விளிம்பு மடிப்பு முழுக்கப் பழுப்பு. எண்ணெய் வழிந்த தடமெல்லாம் பக்கவாட்டில் கோடு கோடாகக் காய்ந்து, பழைய கதவின் வார்னிஷ் மாதிரி மின்னியது. சில இடத்தில் விரல் வைத்தால் ஒட்டியது. சில இடத்தில் நகம்கூட ஏறவில்லை. இந்தக் கோலத்தில் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எடுத்ததுதான் எடுத்தோம், மற்ற பேக்கிங் பாத்திரங்களையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று எல்லாவற்றையும் பின்வாசல் துவைகல்லில் பரப்பினேன். இரண்டு டின், ஓடிஜியோடு வந்த கறுப்பு இனாமல் ட்ரே, மக்ரோனியும் கேரமல் புட்டிங்கும் செய்கிற கண்ணாடிப் பாத்திரம், ஆறு குழி நான்ஸ்டிக் மஃபின் ட்ரே. வேலை முடிய மூன்று நாள் ஆனது. ஒரு பாத்திரத்துக்கு அருமையாகப் பலித்த வழி இன்னொன்றைக் கெடுத்துவிட்டது. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

வெள்ளி இரவு

எல்லாரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். பாத்திரம் கழுவும் திரவம், வெந்நீர், பச்சை நார். கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் கறுத்துக் கிடந்த கேரமலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்க அதுதான் பயமாக இருந்தது. கொதிக்கிற நீரை ஊற்றி அரை மணி நேரம் விட்டதும் அது தானாகவே கரைந்து காப்பி நிறத் தண்ணீராகிவிட்டது. தேய்க்கவே வேண்டியிருக்கவில்லை. சர்க்கரை எவ்வளவு கருகலாகத் தெரிந்தாலும், முழுக்கக் கரியாகாத வரை தண்ணீரில் கரையும். (பாத்திரம் ஆறியிருந்ததால் முதலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, அப்புறம்தான் கொதிநீர் ஊற்றினேன். கண்ணாடிக்குச் சூட்டைவிடச் சட்டென்று மாறும் சூடுதான் ஆபத்து.) மாவும் சீஸும் பிடித்த இடங்களும் ஊறியதும் பாதிக்கு மேல் இளகின.

எண்ணெய் காய்ந்த பழுப்பு மட்டும் அசையவே இல்லை. கால் மணி நேரம் தேய்த்ததில் என் தோள் வலித்ததுதான் மிச்சம். நாரைத் தூக்கிப் பார்த்தால் அதில் நிறமே ஏறவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டேன். சோப்பு அசைக்காத கறையில் கையால் இன்னும் பலமாக அழுத்தினால் முதலில் தேய்வது பாத்திரம்தான்.

அந்தப் பழுப்பு எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மெல்லிய படலமாகப் பரவிய எண்ணெய் அடுப்பின் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலை மாதிரி இறுகிவிடுகிறது. அதன் பிறகு அது எண்ணெயே இல்லை, ஒருவகைப் பிசின். பாதி இறுகிய நிலையில் ஒட்டும், முழுக்க இறுகினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஆளிவிதை எண்ணெய் பூசிய மரம் காய்ந்து பளபளப்பதும் இதே வேலைதான். புது தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குகிறோமே, அங்கே நாம் ஆசையாக வளர்க்கிற படலமும் இதுவேதான். ஆகவே இங்கே எழுதியிருக்கிற எதையும் தோசைக்கல்லிலோ இரும்புப் பணியாரக் கல்லிலோ செய்துவிடாதீர்கள். பல வருடப் பழக்கம் ஒரே ராத்திரியில் போய்விடும்.

சோப்பு தளர்ந்த எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போகும், இப்படிக் கோத்துக்கொண்ட வலையை அதனால் அறுக்க முடியாது. அறுக்கக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) உள்ள பொருள் வேண்டும். வீட்டில் கைக்கெட்டும் காரம் ஆப்ப சோடா.

படுக்கப் போகும் முன் பலரும் சொல்கிற அந்த வழியையும் பார்த்துவிடலாமே என்று இனாமல் ட்ரேயில் சோடாவைத் தூவி மேலே வினிகர் ஊற்றினேன். புஸ்ஸென்று நுரை பொங்கி ட்ரே விளிம்பு வரை வந்தது. பார்க்க நம்பிக்கையாக இருந்தது. இரண்டு நிமிடத்தில் நுரை அடங்கியது, பழுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு, சோடியம் அசிடேட் கலந்த தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும்தான் மிஞ்சும். எந்தக் காரம் நமக்கு வேண்டுமோ அதையே நாம் கொன்றுவிடுகிறோம். வினிகருக்கு இந்த வேலையில் ஒரே ஒரு இடம் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்து நிற்கும் சோடாப் பூச்சைக் கழுவி எடுக்க அது நல்லது.

கண்ணாடிப் பாத்திரத்துக்குச் சோடாவை மட்டும் குழைத்தேன். மூன்று பங்கு சோடா, ஒரு பங்கு தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரத் திரவம். இட்லி மாவைவிடக் கெட்டியாக, செங்குத்தான பக்கத்தில் பூசினாலும் வழியாத பதம். பழுப்பு இருந்த இடமெல்லாம் அரை விரல் கனத்தில் அப்பி, ஈரத்துணி போர்த்தி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிவிட்டுத் தூங்கப் போனேன். துணி கட்டாயம் வேண்டும். காய்ந்து போன சோடா எந்த வேலையும் செய்யாது.

சனி

காலையில் துணியை எடுத்தபோது வெள்ளைக் களிம்பின் ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. அந்த மஞ்சளைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, ஏதோ இளகியிருக்கிறது என்று அர்த்தம். நைலான் நாரால் மெதுவாக வட்டமாகத் தேய்த்தேன். பெரிய பரப்பில் முக்கால்வாசி வந்துவிட்டது. சோடா துகள் கண்ணாடியைவிட மிருதுவானது, அதனால் கீறல் விழவில்லை.

கைப்பிடிக்குக் கீழே, நாலு மூலையிலும் கெட்டியாகப் படிந்தது மட்டும் போகவில்லை. அதற்கு மருந்துக்கடையில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சின்னப் பாட்டில் வாங்கி வந்து, தண்ணீருக்குப் பதிலாக அதை ஊற்றிச் சோடாவைக் குழைத்துப் பூசி மூன்று மணி நேரம் வைத்தேன். கார நிலையில் பெராக்சைடு இன்னும் வேகமாக வேலை செய்யும். நிறக்கறையை வெளுக்கவும் செய்யும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரலில் பட்டால் தோல் வெள்ளையாகி எரியும். குழைத்ததில் மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள். அது வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், மூடி போட்டு வைத்தால் டப்பா வெடிக்கலாம். பெராக்சைடோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, கண்ணையும் தொண்டையையும் அரிக்கிற அமிலம் அதில் உண்டாகும்.

இனாமல் ட்ரேக்கு ஆப்ப சோடா போதவில்லை. இரண்டு வருடம் சிக்கன் வறுத்த கொழுப்பெல்லாம் அதில்தான் சொட்டியிருக்கிறது. இதற்குச் சலவை சோடா வேண்டும். காரத்தின் அளவைக் காட்டும் பிஎச் எண் ஆப்ப சோடா கரைசலுக்கு 8 சொச்சம்தான், சலவை சோடா 11க்கு மேல் போகும். பக்கத்துக் கடையில் அது கிடைக்கவில்லை. வீட்டிலேயே செய்துகொண்டேன். எனக்கு இந்த மூன்று நாளில் மிகவும் பிடித்த வேலை இதுதான்.

எவர்சில்வர் தட்டில் 200 கிராம் ஆப்ப சோடாவை மெல்லியதாகப் பரப்பி, ஓடிஜியில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். நடுவில் இரண்டு முறை கிளறிவிட்டேன். சூட்டில் சோடா தன்னிடமுள்ள கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் விட்டுவிட்டுச் சலவை சோடாவாக மாறுகிறது. கணக்குப்படி 200 கிராம் 126 கிராமாகக் குறைய வேண்டும். என் சமையல் தராசு 129 காட்டியது. பார்வையிலேயே வித்தியாசம் தெரியும். ஆப்ப சோடா விரலில் எடுத்தால் சீனித்தூள் மாதிரி மினுங்கும், சுட்டெடுத்தது மினுக்கம் போய்ச் சுண்ணாம்புத்தூள் மாதிரி மங்கலாக இருக்கும். வெறும் விரலால் தொடாதீர்கள், கரண்டியால் எடுங்கள். கிளறும்போது முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள், தூள் மூக்கில் ஏறினால் எரியும்.

ட்ரேயைக் கழுவும் தொட்டிக்குள் வைத்து, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கணக்கில் இந்தத் தூளைக் கொதிநீரில் கரைத்து ஊற்றினேன். இருபது நிமிடத்திலேயே தண்ணீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்துக்கு வந்தது. ஆறியதும் கொட்டிவிட்டு, புதுக் கரைசலாக இன்னொரு முறை. இரண்டாவது முறை ஒரு ஐஸ் குச்சியின் நுனியைப் பழுப்பின் ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். அதுவரை நகமே ஏறாத அந்தப் படலம், வறுத்த வேர்க்கடலையின் தோல் உரிகிற மாதிரி மடிந்து மடிந்து சுருண்டு வந்தது. கீழே பழைய கறுப்பு, பளிச்சென்று. அப்படியே குச்சியும் கையுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். மரக்குச்சிதான் நல்லது. கத்தியோ கம்பி நாரோ இனாமலைக் கீறிவிடும், கீறிய இடத்தில் துரு பிடிக்கும்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு செய்தேன். தொட்டியில் கரைசல் சூடாக மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று சித்தியின் டின் ஒன்றை அதில் முக்கினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டின்னின் சுவரெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழ் கட்டி, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி மேலே ஏறிக்கொண்டே இருந்தது. அழுக்கு கழன்று வருகிறது என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிடம் கழித்து எடுத்தால் டின் முழுக்க ஈயச் சாம்பல் நிறம், அடியில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. விரலால் தேய்த்தால் விரலில் கரி மாதிரி ஒட்டியது. பழுப்பு பாதி போயிருந்தது, அதோடு அந்த டின்னின் வெள்ளையும் போயிருந்தது.

அலுமினியத்தின் மேல் இயல்பாகவே மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று உண்டு. அதுதான் அந்த உலோகத்துக்குக் காவல். சூடான காரம் அந்தத் தோலைக் கரைத்துவிட்டு அலுமினியத்தையே தின்ன ஆரம்பிக்கும். நான் பார்த்த குமிழ்கள் ஹைட்ரஜன் வாயு. டிஷ்வாஷரில் போட்ட அலுமினியப் பாத்திரம் கறுத்துப் போவதும் இதனால்தான், அதில் போடும் சோப்புத் தூளும் காரமே.

கை நடுங்கச் சித்திக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னதும் கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், “அலுமினியத்துக்குச் சோடா ஆவாது மக்களே, கருத்துப் போவும். புளியப் போட்டுக் கொதிக்க வை. அந்த டின்னு போவாது, நீ ஒண்ணும் வெசனப்படாத” என்றார்.

ஞாயிறு

எலுமிச்சம்பழ அளவு பழைய புளி. ஊற வைத்துக் கரைத்து, சக்கையோடு டின்னில் ஊற்றி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்தேன். கொதி வந்து ஐந்து நிமிடத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே வெளுக்க ஆரம்பித்தது. நீருக்கு மேலே சாம்பல், கீழே வெள்ளி என்று கோடு போட்ட மாதிரி தெரிந்தது. கால் மணி நேரம் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அந்தச் சக்கையாலேயே விளிம்பையும் வெளிப்புறத்தையும் தேய்த்தேன். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுத்த மேல்தோலைக் கரைத்துவிடுகிறது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுகிற அதே கைவேலைதான். புளி இல்லாவிட்டால் இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறும் தோலும் போட்டுக் கொதிக்க வைக்கலாம். கொதித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும், அதில் உலோகம் கரைந்திருக்கும். டின் பழைய பளபளப்புக்கு முழுதாக வரவில்லை, கொஞ்சம் மங்கல்தான். ஆனால் கரி ஒட்டுவது நின்றது. வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது.

இரண்டாவது டின்னுக்கு நிதானமாக வேறு வழியில் போனேன். முதலில் வெந்நீரும் பாத்திரத் திரவமும் ஊற்றி ஒரு மணி நேரம். ஒட்டுகிற பிசுக்கு எல்லாம் இதிலேயே இளகியது. அப்புறம் ஆப்ப சோடாக் களிம்பைச் சூடில்லாமல், பழுப்பின் மேல் மட்டும், பத்தே நிமிடம். உடனே தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, மறுபடி பத்து நிமிடம். இப்படி நாலு முறை. சூடும் நேரமும் குறைவாக இருந்தால் ஆப்ப சோடா அலுமினியத்தைப் பெரிதாகக் கெடுக்காது. விளிம்பு மடிப்புக்குள் ஐஸ் குச்சியை உளி மாதிரி சீவிக்கொண்டு சுரண்டினேன். கடைசியில் புளித் தண்ணீர். இந்த டின் முதல் டின்னைவிட அழகாக வந்தது, நேரம்தான் இரண்டு மடங்கு.

சித்தி விறகடுப்பு வைத்திருந்த காலத்தில் சலித்த சாம்பலும் தேங்காய் நாரும்தான் அவருக்கு எல்லாப் பாத்திரத்துக்கும். சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் கார்பனேட்டும் காரம்தான். ஆனால் அவர் அதில் எதையும் ஊறப் போட்டதில்லை. தொட்டுத் தேய்த்தார், உடனே அலசினார். அதனால்தான் அலுமினியம் பிழைத்தது.

மஃபின் ட்ரேயில் சொல்ல அதிகமில்லை. வெந்நீரில் கொஞ்சம் ஆப்ப சோடாவும் சோப்பும் கலந்து அரை மணி நேரம் ஊற விட்டு, பழைய பனியன் துணியால் துடைத்தேன். குழிகளுக்கு நடுவிலுள்ள சமதளத்தில் பழுப்பு இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். நான்ஸ்டிக்கில் நாரைப் போட்டால் பூச்சே போய்விடும்.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சித்தி இருபது வருடத்தில் சேர்க்காத பழுப்பை நான் இரண்டு வருடத்தில் எப்படிச் சேர்த்தேன்? டின்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவரிடமே கேட்டேன். டின்னுக்கு என்ன தடவுவீர்கள் என்றதற்கு, வெண்ணெய், இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் என்றார். நான் தடவியது சூரியகாந்தி எண்ணெய்.

அங்கேதான் விஷயம் இருந்தது. காற்றோடு சேர்ந்து இறுகுவது நிறைவுறாக் கொழுப்புதான். ஒரு எண்ணெயில் அது எவ்வளவு என்பதை அயோடின் எண்ணால் சொல்வார்கள். சூரியகாந்தி எண்ணெய்க்கு அது 120, 130 என்று போகும். தேங்காய் எண்ணெய்க்குப் பத்தைத் தாண்டுவதே அரிது. சூரியகாந்தி எண்ணெயைச் சூடான உலோகத்தில் மெல்லியதாகப் பூசுவது கிட்டத்தட்ட வார்னிஷ் அடிப்பதுதான். போதாததற்கு நான் பிரஷ்ஷால் விளிம்பு வரைக்கும், சில சமயம் வெளியிலும் வழிய வழியத் தடவுவேன். மாவு படுகிற இடத்து எண்ணெயைக் கேக் எடுத்துக்கொள்ளும். மாவு படாத இடத்து எண்ணெய் சும்மா வெந்து வெந்து பிசினாகும். பழுப்பு ஏன் விளிம்பில் மட்டும் அவ்வளவு கெட்டியாக இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

இப்போது டின்னின் முக்கால் உயரம் வரை மட்டும், அதுவும் தேங்காய் எண்ணெயை விரலால் தொட்டுத் தடவுகிறேன். அடியில் பட்டர் பேப்பர். கேக்கை எடுத்த கையோடு, டின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெந்நீர் ஊற்றிவிடுகிறேன். ஒரு முறை வெந்த எண்ணெய் ஒட்டும் நிலையில்தான் இருக்கும், சோப்புக்கே போய்விடும். அதைக் கழுவாமல் அடுத்த கேக்குக்கு மறுபடி அடுப்பில் ஏற்றும்போதுதான் இறுகிப் பூட்டிக்கொள்கிறது.

ஓடிஜிக்குள் இரண்டு கேக் போட்டுப் பார்த்ததில் இன்னொன்றும் கவனித்தேன். புதிதாகப் பளபளக்கிற டின் சூட்டைத் திருப்பி அடிக்கிறது, கேக்கின் ஓரம் முன்பைவிட வெளிறியே வந்தது. நாலைந்து நிமிடம் கூடுதலாக விட வேண்டியிருந்தது. வெளிப்புறம் கொஞ்சம் கறுத்த பாத்திரம் கம்பியின் சூட்டை நன்றாக வாங்கும். எனவே இனாமல் ட்ரேயின் அடிப்பக்கத்தை நான் தொடவே இல்லை. அது ஒட்டாமல், மணக்காமல், இறுகிக் கிடக்கிறது. அங்கே உணவும் படுவதில்லை.

சித்தி இரண்டு டின்களையும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மங்கலாகிப் போன டின்னை உள்ளங்கையால் தடவிவிட்டு, “இதுல நான் போட்டுக்கிடுதேன், நல்லா இருக்கதை நீயே வச்சுக்க மக்களே” என்றார். வேண்டாம் சித்தி என்றதற்கு அவர் கேட்கவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தின் கைப்பிடிக்குக் கீழே மட்டும் இன்னும் ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. இன்று இரவு அதற்கு இன்னொரு முறை களிம்பு பூசி, ஈரத்துணி போர்த்தி வைத்திருக்கிறேன்.